குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்தில், ட்ரெய்லரோடு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

அக்டோபர் பிறந்ததும் இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நானும் மனைவியும் 24 அடி ட்ரெய்லரை (காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு) இழுத்துக்கொண்டு அரிசோனாவிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் ஆறு குளிர்காலங்களைக் கழித்திருக்கிறோம். அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அரிசோனா பாலைவனம்தானே, டிசம்பரில் கிராண்ட் கேன்யன் பக்கத்திலேயே ட்ரெய்லரை நிறுத்தி இரண்டு வாரம் தங்கலாமா?

வேண்டாம். வரைபடத்தில் தெற்கு, வடக்கு பார்ப்பதைவிட அந்த இடம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் 6,900, நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயும் 7,000. டிசம்பரில் அங்கெல்லாம் பனி கொட்டும், ட்ரெய்லரின் அடிவயிற்றில் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் செலவு எங்கேயோ போய் நிற்கும். அதே அரிசோனாவில் ஃபீனிக்ஸ் 1,100 அடி, குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊர் 900-க்கும் கீழே, யூமா 150 கூட இல்லை. ஆயிரம் அடி ஏறினால் இரண்டு டிகிரி செல்சியஸ் இறங்கும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாக்ஸ்டாஃபில் காலையில் காரின் மேலிருக்கும் பனியைத் தட்டிவிட்டுக் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் ஃபீனிக்ஸில் அரைக்கைச் சட்டையோடு நிற்கலாம்.

நாங்கள் டிசம்பரும் ஜனவரியும் 1,500 அடிக்குக் கீழேயே இருப்போம், பிப்ரவரி பாதிக்குமேல் டூசான் பக்கம் (2,400 அடி) நகர்வோம், கிராண்ட் கேன்யனை ஏப்ரலுக்கு ஒதுக்கிவிடுவோம். கீழே இருந்தாலும் இரவு குளிரும். ஜனவரியில் குவார்ட்ஸைட்டில் பகல் 18, 20 டிகிரி இருக்கும், விடியற்காலையில் நாலு, ஐந்துக்கு வந்துவிடும், சில ராத்திரி உறைநிலையையும் தொடும். காற்றில் ஈரம் இல்லை, மேகமும் இல்லை, அதனால் மண் பகலெல்லாம் வாங்கிய சூடு இரவில் அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறது.

கேள்வி: ஆர்.வி. பார்க்கில் (ட்ரெய்லரை நிறுத்தி வாடகைக்குத் தங்கும் இடம்) மாதத்துக்கு ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். குறைந்த செலவில் தங்க வழி உண்டா?

உண்டு. பி.எல்.எம். எனப்படும் அமெரிக்க மத்திய அரசின் நில நிர்வாகத் துறை, அரிசோனாவிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் நீண்டகாலம் தங்குவதற்கென்றே ஏழு இடங்களை வைத்திருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் சீசன். பல வருடங்களாக சீசன் முழுவதற்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்றுதான் இருந்தது. கிளம்பும் முன் இந்த வருடக் கட்டணத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பர்மிட்டில் ஏழு இடத்துக்கும் மாறி மாறிப் போகலாம். அவற்றில் ஒன்றான, குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே உள்ள லா போசாவில் குடிநீரும் டம்ப் ஸ்டேஷனும் (ட்ரெய்லரின் கழிவுநீரைக் கொட்டும் இடம்) இருக்கின்றன. கரண்ட் கிடையாது, எண் போட்ட இடமும் கிடையாது, பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மற்ற பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம், அப்புறம் இடம் மாற்றியாக வேண்டும்.

குவார்ட்ஸைட் போனால் கல்லறைத் தோட்டத்தில் சின்னப் பிரமிடு ஒன்று நிற்கும், உச்சியில் ஒட்டகம் இருக்கும், கட்டாயம் பாருங்கள். 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தைக் கடக்க ஒட்டகங்களை இறக்கியபோது அவற்றோடு வந்த ஹாஜி அலி அங்கேதான் அடங்கியிருக்கிறார். ஊர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. கடல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத மண்ணில் ஒட்டகம் மேய்த்து, 1902-ல் அங்கேயே கண்ணை மூடிய மனிதர். ஒவ்வொரு வருடமும் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

கேள்வி: கரண்ட் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது? என் மனைவி கிரைண்டர் இல்லாமல் வரமாட்டேன் என்கிறார்.

உங்கள் மனைவி சொல்வது சரி, கிரைண்டரை ஏற்றிக்கொள்ளுங்கள். டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட்தான் இழுக்கும். அரை மணி நேரம் ஓடினால் 75 வாட்-ஹவர், இன்வர்ட்டர் தின்பதைச் சேர்த்தாலும் நூறுக்குள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் கிட்டத்தட்ட 1,280 வாட்-ஹவர் இருக்கிறது. மிக்ஸி 750 வாட் என்றாலும் இரண்டு நிமிட வேலை. ஆனால் 1,500 வாட் எலக்ட்ரிக் ஹீட்டர் அதே பேட்டரியை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும், இண்டக்‌ஷன் அடுப்பும் அந்த ரகம்தான். அதனால் சூடு பண்ணுகிற வேலையெல்லாம் கேஸில், சுற்றுகிற வேலையெல்லாம் பேட்டரியில். ஊரிலிருந்து கொண்டுவந்த 220 வோல்ட் கிரைண்டர் இங்கே ஆகாது, 110 வோல்ட் மாடல்தான் வேண்டும். பழைய லெட்-ஆசிட் பேட்டரி என்றால் எழுதியிருப்பதில் பாதியைத்தான் எடுக்கலாம். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, அதை ட்ரெய்லருக்கு உள்ளே வையுங்கள்.

சோலாரில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் உச்சிவேளையில்கூட சூரியன் தொடுவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். கூரைமேல் படுத்துக்கிடக்கும் பேனலுக்கு நேர்வெயிலில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும். பேனலைத் தெற்கே பார்த்து நன்றாக நிமிர்த்தி வைத்தாலே வித்தியாசம் மீட்டரில் தெரியும்.

மாவு புளிக்காதே என்பதுதான் அடுத்த கவலையாக இருக்கும். ராத்திரி ட்ரெய்லருக்குள் பத்து டிகிரி என்றால் காலையில் மாவு வைத்தது வைத்தபடி கிடக்கும். நாங்கள் ஐஸ் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறோம்: மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் வெந்நீர் ஊற்றிய ஸ்டீல் பாட்டிலைச் செருகி, மூடி, மேலே ஒரு கம்பளி. படுக்கப் போகும் முன் ஒரு தடவை வெந்நீரை மாற்றினால் போதும். விடிந்து திறந்தால் மாவு தட்டை முட்டித் தூக்கிக்கொண்டு, ஓரத்தில் வழிந்து நிற்கும்.

கேள்வி: ராத்திரி கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கலாமா?

ட்ரெய்லரோடு வரும் ஃபர்னஸ் என்றால் போடலாம், அதன் புகை வெளியே போகிறது. கையில் தூக்கிவைக்கும் சின்ன ப்ரோப்பேன் ஹீட்டரைத் தூங்கும்போது அணைத்துவிடுங்கள், எரியும்போதும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஜனவரியில் அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மூன்று விஷயம் மட்டும். யூமா பக்கத்துச் சாலைகளில் எல்லைக்காவல் சோதனைச் சாவடிகள் உண்டு, மெக்சிகோவுக்குள் போகாவிட்டாலும் நிறுத்துவார்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதியும் காரிலேயே இருக்கட்டும். இரண்டாவது, வண்டி ஓடும்போது ‘அம்மா கொஞ்சம் படுக்கட்டும்’ என்று ட்ரெய்லருக்குள் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது, தூசியோடு மூச்சில் போனால் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோய் வரலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகும், ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கடுமையாகப் போக வாய்ப்பு அதிகம். தூசி பறக்கும் நாளில் அப்பா உள்ளேயே இருக்கட்டும். ஊர் திரும்பியபின் வாரக்கணக்கில் இருமலும் காய்ச்சலும் களைப்பும் விடாமல் இருந்தால், ‘அரிசோனாவில் தங்கியிருந்தேன்’ என்று மதுரை டாக்டரிடம் அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அங்கே யாருக்கும் இந்த நோய் ஞாபகத்துக்கு வராது.

கேள்வி: டயர் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதுதான் அதிகம். ஐந்தாறு வருடமானால் மாற்றுங்கள். எங்கள் இரண்டாவது பயணத்தில் ஐ-10 நெடுஞ்சாலையில் பின்பக்க டயர் வெடித்து, கிழிந்த ரப்பர் சக்கர வளைவை அடித்து நொறுக்கி, உள்ளே அலமாரியின் அடிப்பலகை வரை பெயர்ந்துவிட்டது. டயரின் ட்ரெட் (தரையில் படும் வரிப்பள்ளங்கள்) பளபளவென்றுதான் இருந்தது, தேதி பார்த்தால் எட்டு வருடம். ஓரமாக நின்றபோது லாரி கடக்கும் ஒவ்வொரு தடவையும் ட்ரெய்லர் ஆடியது, மனைவி என் கையை விடவே இல்லை.

கேள்வி: வறண்ட ஓடை மணலில் நிழலாக இருக்கிறது, அங்கே நிறுத்தலாமா?

கூடாது. அங்கே குளிர்காலத்திலும் மழை உண்டு. உங்கள் தலைக்குமேல் நீலவானமாக இருக்கும்போதே தூரத்து மலையில் பெய்த தண்ணீர் வந்துவிடும். மரம் அங்கே பச்சையாக நிற்பதே அது தண்ணீர் ஓடும் தடம் என்பதால்தான்.

கேள்வி: எலி வயரைக் கடிக்கும் என்கிறார்களே?

கடிக்கும். பேக் ராட் என்று பெயர், எஞ்சின் சூட்டுக்கு வந்து கூடு கட்டும். நிறுத்தியதும் காரின் பானெட்டைத் திறந்தே வையுங்கள், இரவில் அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு எரியட்டும். இருட்டான, மூடிய இடத்தைத்தான் அது தேடும். காலையில் கிளம்பும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள். சோய்யா (cholla) என்ற முள்கள்ளியின் துண்டும் குச்சியும் சேர்ந்து கிடந்தால் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம், கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுங்கள்.