சைக்கிள் மேடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னை வாசகர்களுடையவை. லாரிகளும் தூசியும் நிறைந்த சாலைகளில் விடியற்காலையில் கூட்டமாகக் கிளம்பி ஓட்டுகிறவர்களின் எண்ணிக்கை அங்கே பெருகிவருவதை இக்கடிதங்கள் காட்டுகின்றன. ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்று திரும்புகிறோம். மீஞ்சூர் தாண்டுவதற்குள் அணி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவர் பொன்னேரியிலேயே களைத்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. எல்லோரும் ஒன்றாகப் போய் வர வழி சொல்லுங்கள்.
— வாசகர், திருவொற்றியூர்

அந்த நண்பருக்கு வலு போதவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வரிசையாக ஓட்டிச் செல்லும்போது வேகத்தடை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செல்பவர் வேகத்தைக் குறைத்து, தடையைக் கடந்து, உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறார். எட்டாவதாக வருபவரோ அப்போதும் பிரேக்கைப் பிடித்தபடி தடைக்கு முன்னால்தான் இருக்கிறார். அவர் கடந்து நிமிர்வதற்குள் முன்னால் போகிறவர்கள் முப்பது நாற்பது மீட்டர் விலகிவிடுவார்கள். அந்த இடைவெளியை மூட அவர் முழு மூச்சோடு மிதித்தாக வேண்டும். மணலியிலிருந்து பொன்னேரி வரை எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம், எத்தனை சந்திப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் கடைசியில் வருபவருக்கு ஒரு குறும்பந்தயம். 'சீராக 25 கி.மீ. வேகத்தில்தானே போனோம்' என்று முதல் ஆள் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் அதே சாலையில் கடைசி ஆள் 15-க்கும் 35-க்கும் இடையில் மாறி மாறி ஓட்டியிருப்பார். புதியவர்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் விடுகிறோம் என்பதால், இருப்பதிலேயே கடினமான வேலை இருப்பதிலேயே பழக்கம் குறைந்தவருக்குப் போய்ச் சேர்கிறது.

ஆகவே முதல் ஏற்பாடாக, அனுபவம் மிக்க ஒருவரைக் கடைசியில் நிறுத்துங்கள். புதியவரை இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு தடையையும் கடந்தபின் முதல் ஆள் பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டு, கடைசி ஆள் 'வந்தாச்சு' என்று குரல் கொடுத்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைக் கடைப்பிடித்தாலே அணி பிரிவது பெருமளவு குறைந்துவிடும்.

உங்களில் வலுவானவர்களுக்கு இதனால் பயிற்சி குறைந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். சமதளத்தில் நாம் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போகிறது; ஒருவரை ஒட்டிப் பின்னால் செல்பவருக்கு ஏறத்தாழக் கால்வாசி ஆற்றல் மிச்சமாகும். எனவே வலுவானவர்கள் நெடுநேரம் முன்னால் நின்று காற்றைத் தாங்கட்டும், மற்றவர்கள் அந்த மறைவில் வரட்டும். எல்லோரும் ஒரே வேகத்தில் சென்றாலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் வலுவுக்கேற்ற உழைப்பு கிடைத்துவிடும்.

முன்னால் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தன் முன்சக்கரத்தை யாரும் நுழைக்கக் கூடாது. அவர் ஒரு பள்ளத்துக்காக அரை அடி விலகினாலும் சக்கரங்கள் உரசிவிடும், விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். பழகும் வரை ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி இருக்கட்டும்.

மீஞ்சூர் வரையிலான பகுதியில் ஒற்றை வரிசையை விட்டு விலகாதீர்கள். அங்கே முன்னால் பின்னால் இடம் மாறுவதும் வேண்டாம். கண்டெய்னர் யார்டு வாசல்களில் இடதுபுறம் திரும்பும் டிரெய்லர்களே அந்தச் சாலையின் பெரிய ஆபத்து. ஓட்டுநரின் கேபினுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவர் கண்ணில் படமாட்டீர்கள். நிற்கும் லாரியின் இடப்பக்கச் சந்தில் நுழைந்து முன்னேறும் பழக்கம் அணியில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பொன்னேரிக்கு அப்பால் போக்குவரத்து குறைந்த பிறகு முறை வைத்து மாறி மாறி முன்னால் போகலாம்.

பழவேற்காட்டிலிருந்து திரும்பும் நேரத்தையும் யோசித்து முடிவு செய்யுங்கள். கோடையில் முற்பகல் ஏற ஏறத் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசத் தொடங்கும். தெற்கு நோக்கித் திரும்பும் உங்களுக்கு அது எதிர்க்காற்று. களைத்த கால்களும் வெயிலும் எதிர்க்காற்றும் ஒன்றுசேர்ந்தால் அணி சிதறத்தான் செய்யும். ஒன்பது மணிக்குள் மீஞ்சூரைத் தொட்டுவிடும்படி கிளம்புங்கள். மார்கழியில் நிலைமை தலைகீழ்: போகும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும்.

வராமல் போன நண்பரை அணியில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மறுபடி அழைத்து வாருங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எத்தனை முறை எண்ணெய் விட்டாலும் செயின் துருப்பிடிக்கிறது. எண்ணூர் பக்கம் போய் வந்தால் கறுப்பு மை போல அழுக்கும் படிகிறது.
— வாசகர், காசிமேடு

பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெய் விடுவதே சிக்கலுக்குக் காரணம். உப்புக் காற்றின் ஈரமும், நிலக்கரித் தூசியும், லாரிச் சாலையின் மண்ணும் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு செயினை அராவும். முதலில் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் செயின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்றி, வெளிப்பக்கத்தில் நிற்கும் எண்ணெயை முழுவதுமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

புதிய செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகளின் (ஓர் உள் கண்ணியும் ஒரு வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி) நீளம் சரியாக 12 அங்குலம். இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். அது ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் பின்னால் உள்ள பல்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பன்மடங்காகும்.

வயது நாற்பத்து மூன்று. பெண்கள் அணி ஒன்றில் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஓட்டுகிறேன். முப்பது கி.மீ. தாண்டியதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மற்றவர்களுக்கு ஈடுகொடுக்கப் பெரிய கியரில்தான் ஓட்டுகிறேன். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
— வாசகி, பெரம்பூர்

விட்டுவிட வேண்டாம். வலிக்கான இரண்டு காரணங்களில் ஒன்றை நீங்களே எழுதிவிட்டீர்கள். மற்றொன்று அநேகமாக உங்கள் சீட்டின் உயரம். காலை ஊன்ற வசதியாக இருக்கும் என்று பெரும்பாலோர் சீட்டைத் தாழ்வாகவே வைத்திருக்கிறோம். அப்படி இருந்தால் ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, மூட்டுச் சில்லின் மேல் அழுத்தம் கூடும். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, பெடல் மேல் குதிகாலை வைத்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அந்த உயரத்தில், முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் இலேசான மடிப்பு தானாகவே இருக்கும். இப்போதைய உயரத்தை ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஒரு முறைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தாமல், ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் அளவுக்கு மேல் உயர்த்திவிட்டீர்கள் என்று பொருள்.

அடுத்து கியர். பெரிய கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதைவிட, சிறிய கியரில் வேகமாகச் சுழற்றுவது மூட்டுக்கு நல்லது. வலது முழங்கால் பதினைந்து விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். இருபதை ஒட்டி வந்தால் நிமிடத்துக்கு எண்பது சுற்று, அது போதும். மேம்பாலம் ஏறும் முன்னரே கியரைக் குறைத்துவிடுங்கள்; பாதி ஏறிய பிறகு அல்ல.

உங்கள் அணியினரிடம் வலியை மறைக்காமல் சொல்லுங்கள். கடைசியில் வருபவரின் மூட்டு நோகும்படி ஓடும் அணி, தன் வேகத்தைத் தவறாக வைத்திருக்கிறது. திருவொற்றியூர் வாசகருக்குச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும். மூட்டில் வீக்கம் இருந்தாலோ, மாடிப்படி இறங்கும்போதும் இரவிலும் வலி நீடித்தாலோ, சீட்டைத் திருத்திக்கொண்டிராமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் நான்கு மாதத்தில் 200 கி.மீ. பி.ஆர்.எம். (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடிக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 60 கி.மீ. ஓட்டுகிறேன். நான் வேகமானவன் இல்லை. முடியுமா?
— வாசகர், மாதவரம்

முடியும், வேகம் உங்களுக்குத் தடையே இல்லை. பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் அமைப்பின் விதிகளின்படி நடக்கும் இந்த ஓட்டத்தில் 200 கி.மீ.-க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. இது பந்தயமே இல்லை. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசை கிடையாது, நேரத்துக்குள் முடித்த எல்லோருக்கும் ஒரே மதிப்பு. எனக்கு இந்த ஓட்டத்தின் மேல் இவ்வளவு பற்று இருப்பதற்கு அதுவே காரணம். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர் என்று இரண்டு மணி நேரம் நின்றாலும், மீதிப் பதினொன்றரை மணி நேரத்தில் சராசரியாக 17 கி.மீ.-க்குச் சற்றே அதிகமான வேகம் இருந்தால் முடித்துவிடலாம். வழியில் உங்கள் வருகையைப் பதிவு செய்யும் ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் மூடும் நேரம் உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

உங்களிடம் இல்லாதது தொடர்ச்சி. வார நாட்களில் இரண்டு அல்லது மூன்று நாள், மாதவரம் பால்பண்ணைப் பகுதியின் மரநிழல் சாலைகளில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே அதில் பெரும்பகுதிக்குப் போதும். உடல் கொழுப்பை எரித்து நெடுநேரம் உழைக்கப் பழகுவது அந்த வேகத்தில்தான். ஒரு நாள் மட்டும், நன்றாகச் சூடேறிய பிறகு, ஐந்து நிமிடம் மூச்சு வாங்க ஓட்டி ஐந்து நிமிடம் தணிந்து, அதையே நான்கு முறை செய்யுங்கள். ஞாயிறு ஓட்டத்தைச் செங்குன்றம், ஒரு காலத்தில் மோட்டார் பந்தயங்களுக்குப் பெயர்பெற்றிருந்த சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை என்று நீட்டிக் கும்மிடிப்பூண்டி வரை கொண்டுபோகலாம். தூரத்தை மூன்று வாரம் படிப்படியாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து ஓய்வு கொடுங்கள். 130 கி.மீ.-ஐச் சிரமமில்லாமல் முடிக்கிற நிலை வந்துவிட்டால் 200-க்குத் தயார்.

நம் சாலைகள் சமதளமானவை என்பதைச் சிலர் எளிது என்று நினைக்கிறார்கள். இறக்கமே இல்லாததால் கால்களுக்கு ஓய்வும் இல்லை, உட்காரும் நிலையும் மாறுவதில்லை. கால் மணிக்கு ஒரு முறை பெடல் மேல் எழுந்து நின்று மிதியுங்கள். ஹேண்டிலில் கைகளின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். விரல்கள் மரத்துப்போவது அதனால் பெரிதும் குறையும்.

பசி எடுத்த பிறகு சாப்பிடுவது தாமதம். முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. வியர்வையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு ஞாயிறன்று கிளம்புமுன்னும் திரும்பிய பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் நீங்கள் குடிக்கத் தவறிய ஒரு லிட்டர். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றல் வரும். ஆகவே ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைசலை அதன் உறையில் சொன்ன அளவில் கலந்து வையுங்கள். வழியில் உப்பிட்ட மோர் கிடைத்தால் குடியுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாரி டயர் வெடித்துச் சிதறும் மெல்லிய எஃகுக் கம்பிகளால்தான் கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையில் பெரும்பாலான பஞ்சர்கள் ஆகின்றன. அவை முடி போல மெலிந்தவை, கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தில் ஒரு பருத்தித் துணியை வைத்துச் சுற்றி இழுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அதைக் குறடால் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் பஞ்சராகிவிடும்.

கல்லூரி மாணவன். கியர் இல்லாத பழைய சைக்கிள்தான் இருக்கிறது. குழுக்களில் சேர்த்துக்கொள்வார்களா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

சேர்த்துக்கொள்ள வேண்டும், தயங்கும் குழுவை விட்டுவிட்டு வேறு குழுவைப் பாருங்கள். சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஓடும் அணியோடு உங்கள் சைக்கிளில் தாராளமாகப் போகலாம். கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஹெல்மெட், பிறகு பின்பக்கச் சிவப்பு விளக்கும் முன்விளக்கும், அதற்குப் பிறகு புதிய பிரேக் கட்டைகள் வாங்குங்கள். டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். முதல் சில வாரங்கள் வரிசையில் மூன்றாவது ஆளாக வருகிறேன் என்று அணித்தலைவரிடம் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள்; காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தின் முதல் பதிலைக் காட்டுங்கள்.