சொவாவே வெள்ளை ஒயின்: உங்க கேள்விகளும் என் பதில்களும்

இத்தாலில வெரோனாங்கற ஊர்ல ஒரு ரெஸ்டாரண்ட்ல ஆறு வருஷமா ஒயின் பாத்துக்குற வேலை எனக்கு. பியெரோபான் குடும்பத்தோட சொவாவே ஒயின் எனக்கு ரொம்ப புடிக்கும்னு போன வாரம் சொன்னேன், அதுக்கு வந்த கேள்விக்கெல்லாம் ஒண்ணொண்ணா பதில் சொல்றேன்.

மதன்: சொவாவேங்கறது கம்பெனி பேரா, திராட்சை பேரா அக்கா?

ரெண்டும் இல்ல தம்பி, ஊர் பேரு. வெரோனாலருந்து கிழக்கால போனா கோட்டை மதிலோட ஒரு சின்ன ஊர் வரும், அதான் சொவாவே. திராட்சை பேரு கர்கானேகா. சட்டப்படி குறைஞ்சது 70 சதவீதம் அதுதான் இருக்கணும். பியெரோபான் வீட்டுக்காரங்க 1880லருந்து அந்த ஊருக்குள்ளயே ஒயின் பண்றாங்க.

செல்வி: டிரை ஒயின்னா என்ன? சர்க்கரை போட மாட்டாங்கன்னு அர்த்தமா?

போடுறது பத்தி இல்லமா, மிச்சம் இருக்குறது பத்தி. திராட்சைச் சாறுல இருக்குற சர்க்கரைய ஈஸ்ட் தின்னு ஆல்கஹாலா மாத்திடும், கிட்டத்தட்ட முழுசா தின்னுட்டா டிரை. லிட்டருக்கு 4 கிராம் வரைக்கும் மிஞ்சினா டிரைன்னு போட்டுக்கலாம், புளிப்பு தூக்கலா இருந்தா இன்னும் கொஞ்சம் கூட விடுவாங்க. அதே கர்கானேகாவ மாசக்கணக்குல காய வச்சு பிழிஞ்சா ரெச்சோத்தோ, அது நல்ல இனிப்பு.

ஆனந்த்: நான் சூப்பர்மார்க்கெட்ல சொவாவே வாங்கினேன், தண்ணி மாதிரி இருந்துச்சு. நீங்க ஏன் இவ்ளோ புகழுறீங்க?

இந்த கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கர்கானேகா கொடிக்கு வேகம் ஜாஸ்தி, விட்டா கொத்து கொத்தா காய்ச்சுத் தள்ளும், ஆனா காய்ப்பு கூட கூட சாறு நீர்த்துப் போயிடும். 1931லயே சொவாவே, மான்டெஃபோர்ட்டே ரெண்டு ஊரோட குன்றுகளத்தான் பழைய மண்டலம்னு கோடு போட்டு வச்சிருந்தாங்க, அதத்தான் இப்ப லேபிள்ல கிளாசிக்கோன்னு போடுறாங்க. அப்புறம் 1968ல டி.ஓ.சி. சட்டம் (எந்த ஊர் பேர எந்த ஒயினுக்குப் போடலாம்னு சொல்ற சட்டம்) வந்தப்ப கீழ இருக்குற சமவெளியும் உள்ள வந்துடுச்சு, வெளிநாட்டுல கேட்டுக்கிட்டே இருந்தாங்க, வண்டல் மண்ணுல தண்ணி காட்டி டன் டன்னா வெளஞ்சதெல்லாம் அதே பேருல பாட்டிலுக்குள்ள போச்சு. பேரு கெட்டது அப்படித்தான். நீங்க குடிச்சதும் அந்த மாதிரி ஒண்ணா இருக்கும்.

அந்த நேரத்துல நீனோ பியெரோபான் (முழுப்பேரு லியோனில்டோ, 1880ல ஆரம்பிச்ச தாத்தா பேருதான்) காய்ப்ப குறைச்சாரு. அத்தனை பேரும் எல்லா தோட்டத்து சாறையும் ஒண்ணா கலந்துக்கிட்டு இருந்தப்ப கால்வரீனோங்கற ஒரே தோட்டத்துத் திராட்சைய தனியா எடுத்து 1971ல அந்த தோட்டத்து பேர்லயே பாட்டில் போட்டாரு. விலை மலிவா விக்கிற ஊர்ல நின்னுக்கிட்டு அதச் செய்ய எவ்ளோ நெஞ்சழுத்தம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. 2018ல அவர் காலமாயிட்டாரு, இப்ப பசங்க ரெண்டு பேரும் பாத்துக்குறாங்க.

ப்ரியா: கால்வரீனோ, லா ரோக்கா ரெண்டுல எத வாங்கட்டும்?

ரெண்டும் பியெரோபான் வீட்டு ஒயின்தான், ஆனா குணம் வேற வேற. கால்வரீனோ எரிமலைக் கருங்கல் மண்ணு. கர்கானேகாவோட ட்ரெப்பியானோ தி சொவாவேயும் சேருது, இது காய்ப்பு கம்மின்னு ஊர்ல பாதி பேரு பிடுங்கிப் போட்ட ரகம், இவங்க விடல. மரப்பீப்பாயே படாது, உள்பக்கம் கண்ணாடி பூசின சிமெண்ட் தொட்டில ஒரு வருஷம் போல கிடக்கும். அதனால வெள்ளப்பூ வாசம், எலுமிச்சை, கடைசில பாதாம்பருப்பு தோல் மாதிரி ஒரு சின்னக் கசப்பு, எல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

லா ரோக்கா கோட்டைக்கு அடில சுண்ணாம்பும் களியும் கலந்த மண்ணு, முழுக்க கர்கானேகா, லேட்டா அறுத்து மரப்பீப்பாய்ல வைக்கிறாங்க, 1978லருந்து வருது. கனமா வழவழன்னு இருக்கும். எனக்கு மனசுக்கு நெருக்கம் கால்வரீனோதான். ஆனா முதல் தடவைன்னா அவங்களோட சாதா சொவாவே கிளாசிக்கோவே வாங்குங்க, அதுலயே வித்தியாசம் புரியும்.

ரூபன்: அக்கா, நாங்கள் பலெர்மோவில இருக்கிறம். இங்க கிரெகானிக்கோ எண்டு ஒரு வெள்ளை வைன் விக்கினம், அதுவும் இதுவும் ஒண்டெண்டு கடைக்காரர் சொல்றார், உண்மையோ?

கடைக்காரர் சொன்னது சரிதான் ரூபன், டி.என்.ஏ. பாத்ததுல சிசிலியோட கிரெகானிக்கோ தொராத்தோவும் கர்கானேகாவும் ஒரே கொடின்னு தெரிஞ்சுது. ஆனா ருசி ஒண்ணா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, உங்க பக்கத்து வெயில் வேற. ரெண்டையும் ஒரே நாள் பக்கத்துல பக்கத்துல வச்சு குடிச்சுப் பாருங்க, மண்ணும் வெயிலும் என்ன பண்ணும்னு நான் எழுதுறதவிட நல்லா வெளங்கும்.

கார்த்தி: தோட்டம் எப்படி இருக்கும்? போட்டோல பந்தல் மாதிரி தெரியுது.

பந்தலேதான். பெர்கோலா வெரோனேசேன்னு சொல்லுவாங்க. நம்ம கம்பம் பக்கம் திராட்சைப் பந்தல் பாத்திருப்பீங்கல்ல, அதே எண்ணம்தான், இங்க சரிவுல லேசா சாய்ச்சுக் கட்டுவாங்க, இலை மேல படர்ந்து பழம் நிழல்ல தொங்கும், வெயில்ல தோல் கருகாது. இந்த மலைத்தோட்டங்கள 2018ல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பாரம்பரிய வேளாண்மை இடமா அறிவிச்சது.

சுதா: பாட்டில் அடில கண்ணாடித்தூள் மாதிரி இருந்துச்சு, பயந்து கொட்டிட்டேன்.

அய்யோ, கொட்டியிருக்க வேணாமே. திராட்சைலயே இருக்குற டார்டாரிக் அமிலம் குளிர்ல உப்பாப் படிஞ்சது அது, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. அடுத்த தடவ பாட்டில நிமித்தி வச்சிட்டு மெதுவா ஊத்துங்க, அடியிலயே தங்கிடும்.

பாலா: வாங்கினா உடனே குடிக்கணுமா? எவ்ளோ சில்லுனு?

கிளாசிக்கோவ ஓரிரு வருஷத்துக்குள்ள குடிச்சிடலாம். கால்வரீனோவ அவசரப்படுத்தாதீங்க, பத்து வருஷம் ஆனது ஒண்ண ஒரு தடவ திறந்தேன், தேன் வாசமும் தீக்கல்லு உரசின வாசமும் சேர்ந்து வந்துச்சு, மேஜைல இருந்தவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 10லருந்து 12 டிகிரி போதும். ஐஸ்ல புதைச்சு எடுத்தா வாசமே வராது, ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து கால் மணி நேரம் வெளிய வச்சிட்டு ஊத்துங்க. கூட சாப்பிட கார்தா ஏரி மீனோ, வசந்தத்துல வர்ற வெள்ளை அஸ்பாராகஸ் போட்ட ரிசோட்டோவோ (குழைய வேகவச்ச இத்தாலி அரிசிச் சாப்பாடு) இருந்தா நல்லாருக்கும்.