தாத்தாவின் நாவல்களுக்கு உரிமை யாருக்கு, எதுவரை?

கேள்வி: எங்கள் தாத்தா எழுதிய மூன்று நாவல்களை ஒரு பதிப்பகம் எங்களைக் கேட்காமலே மறுபதிப்புப் போட்டு விற்கிறது. தாத்தா 1968 மே மாதம் காலமானார். கேட்டால், “ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, இனி பொதுச்சொத்து” என்கிறார்கள். என் தம்பியோ, “தச்சர் செய்த கட்டிலுக்கு அவர் பேரன் வாடகை கேட்கிறானா? எழுதினவர் தாத்தா, நமக்கெதற்குக் காசு?” என்கிறான். எங்களுக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: தாத்தா யாருக்கும் விற்றுவிடவில்லை என்றால் 2028 டிசம்பர் 31 வரை இருக்கிறது. எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகள் என்பதுதான் இந்தியச் சட்டத்தின் கணக்கு. பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது.

ஐம்பது என்று பதிப்பகத்தார் சொல்வதற்கும் ஒரு கதை உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 50 என்றுதான் வைத்திருந்தது. தாகூர் 1941-ல் காலமானவர். அவர் நூல்களின் உரிமை அவரே நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1991 முடிவோடு அது போகவிருந்தது. கடைசி நேரத்தில் அவசரச் சட்டம் போட்டு, எல்லா எழுத்தாளர்களுக்கும் சேர்த்துப் பத்து வருஷத்தைக் கூட்டினார்கள். அந்தப் பத்து வருஷம் வந்திருக்காவிட்டால் உங்கள் தாத்தாவின் நாவல்கள் 2019 பிறந்ததுமே பொதுவாகியிருக்கும்.

சரி, விற்றாரா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பது? முதலில் பழைய பதிப்பை எடுத்து, தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். “உரிமை ஆசிரியருக்கு” என்று போட்டிருக்கிறதா, “பதிப்பகத்தாருக்கு” என்று இருக்கிறதா? அது மட்டுமே முடிவான சாட்சி ஆகாது, ஆனால் எதைத் தேட வேண்டும் என்று காட்டும். அப்புறம் பரணில் இருக்கும் கடிதங்கள், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதுகள். “இந்தப் பதிப்புக்கு மட்டும்” என்று எழுதியிருந்தால் கவலையில்லை. “முழு உரிமையும் கொடுத்துவிட்டேன்” என்றிருந்தால், கேள்வி கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லாமலே போகலாம். வாய்ப்பேச்சில் விற்றது செல்லாது. எழுத்தில், கையெழுத்தோடு இருந்தாக வேண்டும். 1995-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு என்று ஒரு பாதுகாப்பு உண்டு. உங்கள் தாத்தா காலத்துத் தாளுக்கு அதை நம்பிப் பயனில்லை.

தம்பி கேட்டதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. தச்சர் கட்டிலை விற்றபோதே கூலி வாங்கிவிட்டார்; அதேபோல் இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மரம் அறுக்க வேண்டும். நாவலை எழுத மூன்று வருஷம் ஆகலாம், நகலெடுக்க ஒரு நாள் போதும். அதனால் எழுதுகிறவருக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் போன பிறகும் 60 ஆண்டு எதற்கு என்பது வேறு கேள்வி. 1841-ல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில், இறப்புக்குப் பின் 60 ஆண்டு என்ற மசோதாவை எதிர்த்தவர் நமக்குத் தெரிந்த அதே மெக்காலே. எழுத்தாளருக்குச் சன்மானம் தருவதற்காக வாசகர் தலையில் போடும் வரி இது என்றார். அவர் தண்டனைச் சட்டம் எழுதிக் கொடுத்த நாட்டில் இன்று அதே 60! பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால் 50-க்குக் கீழே நாம் இறங்கவும் முடியாது.

என்னைக் கேட்டால், எழுத்தாளரைக் காப்பது ஒப்பந்தம்தான், ஆண்டுக் கணக்கு இல்லை. கைச்செலவுக்காக மொத்தமாக எழுதிக் கொடுத்தவருக்கு 60 என்ன, 100 என்ன? 2012 திருத்தம் சினிமாப் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் கொடுத்தது அந்த வகைப் பாதுகாப்பு: படத்துக்கு வெளியே பாடல் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் தங்கள் பங்கை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். உயில் இல்லையென்றால் உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் பொது. அத்தைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தகராறு. எல்லோரும் சேர்ந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பதிப்பகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஆனால் மிச்சமிருக்கும் காலத்தைப் பார்த்தால், விற்ற பிரதிகளுக்கு ராயல்டி, இனி எத்தனை ஆண்டு, எத்தனை சதவீதம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போவதே நல்லது. வழக்கே அதைவிட நீளக்கூடும். தமிழக அரசு பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவதுண்டு; அதற்கும் விண்ணப்பிக்கலாம். வேண்டாமென்று மறுத்த குடும்பங்களும் உண்டு.

2028-க்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்போதும் தாத்தா பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரில் போட்டாலோ, அவர் பெயருக்குக் களங்கம் வரும்படி நாவலைச் சிதைத்தாலோ, பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி நீங்கள் தட்டிக் கேட்கலாம்.