தொடைக்குள் ஓடும் பெரிய நாடி: நீங்கள் கேட்டவை

மருத்துவபீட மாணவி, மட்டக்களப்பு: தொடை நாடியின் துடிப்பு எனக்கு அகப்படுவதே இல்லை. எங்கே தேடுவது?

அதிகம் வெளிப்பக்கமாகத் தேடுகிறீர்கள் போல. இடுப்பென்பின் முன்முனைக்கும் அடிவயிற்றின் கீழே நடுவில் பூப்பென்புகள் இரண்டும் ஒட்டும் இடத்துக்கும் சரிபாதியில், கவட்டு மடிப்பில், இரண்டு விரலை வைத்து அழுத்திக் கொஞ்சம் பொறுங்கள், துடிப்பு தானாக வந்து தட்டும். அதற்கு வெளிப்பக்கமாக நரம்பு, உட்பக்கமாக நாளம். ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் கீழே தொடைத் தசைகளுக்கான ஆழக்கிளை பிரிந்துவிடும். தாய்க்குழாய் உட்தொடைத் தசைகளுக்கு நடுவே ஒரு சுரங்கத்தில் ஒளிந்து இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் வேறு பெயரோடு வெளியே வரும்.

ஒரு மகன், அக்கரைப்பற்று: வாப்பாவுக்கு வருத்தம் நெஞ்சில், அஞ்சியோகிராமுக்குக் குத்தியது கவட்டில். காலை மடக்கவும் விடுகிறார்களில்லை, ஏன்?

அந்த இடத்தில் நாடி தோலுக்குக் கிட்ட இருக்கிறது, பின்னால் தொடையென்பின் உருண்டைத் தலை. அஞ்சியோகிராமுக்காக நாடி வழியே இதயம்வரை விட்ட மெல்லிய குழாயை உருவியதும் துளையை அந்த என்போடு சேர்த்து அழுத்தி அடைக்கலாம். காலை மடக்கினால் அடைத்தது திறந்து உள்ளுக்குள்ளேயே குருதி கசியும். வாப்பா இருமும்போது கட்டின் மேல் கையை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். அவ்விடம் வீங்கினாலோ கால் குளிர்ந்து மரத்தாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

வயல் செய்பவர், சம்மாந்துறை: வெட்டுக் காலத்தில் தொடையில் கத்தி பட்டால் கயிற்றால் கட்டலாமா?

மெல்லிய கயிறு வேண்டாம், அது தோலை வெட்டுமே தவிர ஆழத்தில் இருக்கிற நாடியை நெரிக்காது. சாரத்தைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, உங்கள் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்துங்கள், இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு எடுக்கட்டும். முன்பொருமுறை உழவு மிசின் பெட்டியில் ஒரு பொடியனைக் கொண்டுவந்தார்கள். அவனுடைய மச்சான் பக்கத்தில் முழங்காலில் நின்று இரண்டு கையாலும் அழுத்தியபடியே வந்திருந்தார், நாங்கள் கையை வைத்த பிறகுதான் தன் கையை எடுத்தார், விரல்கள் விறைத்து நிமிரவே இல்லை. பொடியன் பிழைத்தான். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் ஆபத்து, அதைச் செய்யவே வேண்டாம். அழுத்தியும் பாய்ந்தால் மட்டும், காயத்துக்கு மேலே, இடுப்புப் பக்கமாக, அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஒருவர், கல்லடி: நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. நரம்புத் தளர்ச்சியா ஐயா?

நீங்கள் சொல்வது குருதி போதாத கால் மாதிரி இருக்கிறது. மேலே சொன்ன சுரங்கப் பகுதியில்தான் இந்த நாடி அடிக்கடி அடைபடும், சிகரெட்டும் சீனி வருத்தமும் சேர்ந்தால் இன்னும் கெதியாக. புகைக்கிறவர் என்றால் இன்றே விடுங்கள். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய், செருப்பைக் கழற்றிப் பாதத் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.