பயிற்றையும் அவரையும் விதையிலிருந்து: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அவரையினப் பயிர்களை விதையிலிருந்து வளர்ப்பது பற்றியவை. எழுதியவர்களில் அநேகர் முதன்முறையாக வீட்டுத் தோட்டத்தில் இறங்கியவர்கள். ஆகவே மருந்தையும் உரத்தையும்விட, விதை மண்ணுக்குள் போன முதல் இரண்டு கிழமைகளைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறேன். இந்தப் பயிர்கள் தப்புவதும் தவறுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

லண்டனிலிருந்து வந்த அண்ணா கொஞ்சம் ப்ரோட் பீன்ஸ் விதை கொண்டுவந்து தந்தார். ஐப்பசி மழையோடு ஊன்றினால் காய்க்குமா? (கிளிநொச்சி வாசகி)

முளைக்கும்; ஆனால் காய்க்கும் என்று சொல்ல முடியாது. பார்வைக்கு எங்கள் அவரையைப் போலத் தோன்றினாலும் இது வேறு இனம், குளிர்காலப் பயிர். 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையே இதற்கு உகந்தது. இங்கிலாந்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றி, உறைபனியைத் தாங்கவிட்டு, அடுத்த கோடையின் தொடக்கத்தில் காய் பறிக்கிறார்கள். வன்னியிலோ மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே வெகுவாக இறங்குவதில்லை. அந்தச் சூட்டில் செடி உயர்ந்து வளர்ந்தாலும், பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். நுவரெலியா போன்ற மலைப்பகுதியில் இருப்பவர்கள் முயன்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. உங்கள் வளவில் அந்த இடத்தைப் பயிற்றைக்குக் கொடுங்கள். ஊன்றி ஏறத்தாழ ஐம்பது நாட்களில் முதற் காய் பறிக்கலாம், எங்கள் வெயிலையும் அது தாங்கும்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரமும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதைகளை நாட்டுக்குள் கொண்டுவருவதை 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஒரு பிடி விதையோடு வரும் நோய் ஊர்த் தோட்டங்கள் அனைத்துக்கும் பரவக்கூடும் என்பதால், அன்போடு தரப்பட்ட விதையானாலும் அதை மண்ணில் போட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்றை விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் ஊன்றி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. கிண்டிப் பார்த்தால் விதை கூழாகக் கிடக்கிறது. விதை பழுதா? (முள்ளியவளை வாசகர்)

விதை பழுதாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தண்ணீர்தான் அதைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நன்றாகக் காய்ந்த பயற்று விதை தண்ணீரை மிக விரைவாக உறிஞ்சும். அப்படித் திடீரென உறிஞ்சும்போது உள்ளிருக்கும் கலங்களின் மென்சவ்வு சிதைந்து சர்க்கரை வெளியே கசிகிறது. மண்ணிலுள்ள பூஞ்சணத்துக்கு அதுவே உணவாகிறது. முளைக்கும் விதை மூச்சும் விடுகிறது. மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் காற்றுக்கு இடமில்லை, விதை மூச்சுத் திணறி அழுகும்.

ஆகையால் பயிற்றையை ஊறவைக்கவே தேவையில்லை. முதல் நாள் பாத்தியை நன்றாக நனைத்து, மறுநாள் ஈரம் பதமாக இருக்கும்போது, விரலின் முதற் கணுவளவு, அதாவது இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில், குழிக்கு இரண்டு விதையாக, ஓரடி இடைவெளி விட்டு ஊன்றுங்கள். அதன் பிறகு மேல்மண் காயத் தொடங்கினால் மட்டும் பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். எங்கள் செம்மண் மழைக்குப் பின் வெயில் பட்டதும் ஓடுபோல இறுகிவிடும். முளை அந்த ஓட்டை உடைக்க முடியாமல் கழுத்து முறிந்து நிற்பதைப் பல தோட்டங்களில் காணலாம். மெல்லிய படையாக வைக்கல் அல்லது மக்கிய எரு பரப்பினால் மேல்மண் இறுகாது. சூடான மண்ணில் மூன்றாம் நாளிலிருந்து முளை தெரியத் தொடங்கும். பத்து நாளாகியும் தெரியாத குழியில் புதிதாக ஊன்றிவிடலாம்.

விதையில் சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்துப் பாருங்கள். ஐந்து நாளில் ஏழு, எட்டு முளைத்தால் விதையில் குறையில்லை.

ஊன்றும் காலமும் இதோடு சேர்ந்தது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியை நம்பி ஆடியில் ஊன்றியவர்களும் எழுதியிருக்கிறார்கள். வன்னியில் ஆடி என்பது காய்ந்த காற்றும் வெடித்த மண்ணுமான மாதம்; கிணற்றில் போதிய தண்ணீர் இல்லாதவர்கள் அப்போது தொடங்கக் கூடாது. எங்கள் மழை புரட்டாசிக் கடைசியில் தலைகாட்டி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. முதல் மழையோடு ஊன்றினால், அடைமழை வரும்போது செடிக்கு ஒரு மாத வயதாகி, வேர் பிடித்திருக்கும். அந்தத் தருணம் தவறினால், கார்த்திகையில் அவசரப்படாமல் தை வரை பொறுத்திருப்பதே நல்லது. எப்போது ஊன்றினாலும் பாத்தியை அரை அடிக்குக் குறையாமல் உயர்த்தி, வெள்ளம் வடிந்தோட வாய்க்கால் விடுங்கள்.

முளைத்த மறுநாளே மயில் வந்து எல்லாவற்றையும் கொத்திவிட்டுப் போகிறது. (ஒட்டுசுட்டான் வாசகி)

இரண்டு இலை விரிந்து தண்டு முற்றும் வரை, ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு, முள்ளுக் கொப்புகளையோ பழைய மீன்பிடி வலையையோ பாத்திக்கு மேலே தாழ்வாகப் பரப்பி வையுங்கள். குரங்கு காய்ப் பருவத்தில்தான் வரும். அதற்கு வலை போதாது, ஆள் நடமாட்டமே காவல். அதனால் பயிற்றைப் பந்தலைக் குசினிக்கு அருகில் போடுவது நல்லது.

சித்திரையில் ஊன்றிய அவரை வேலியெல்லாம் படர்ந்து நிற்கிறது. ஒரு பூக்கூட இல்லை. யூரியா இன்னும் போடவா? (நெடுங்கேணி வாசகர்)

தயவு செய்து போட வேண்டாம். ஊரில் வழிவழியாக வரும் கொடியவரை, பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். வன்னியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம் என்றாலும், அந்தச் சிறிய மாற்றத்தை அவரை அறிந்துகொள்கிறது. இந்தத் தன்மை எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. ஆகவே உங்கள் கொடி கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தையில் காய்க்கும் என்று எதிர்பார்க்கலாம். அதுவரை அளவுக்கு மீறிய நுனிகளைக் கிள்ளிவிடுங்கள்.

யூரியாவைப் பொறுத்தவரை, ஒரு செடியைக் கிண்டி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு எடுத்துக் கொடுக்கும் பற்றீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். யூரியா கூடினால் அந்த வேலை குறைந்து, இலை மட்டும் கொழுக்கும்.

இரண்டு கிழமைக் கன்றுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி வாடுகின்றன. அடித்தண்டு வீங்கி வெடித்திருக்கிறது. (புதுக்குடியிருப்பு வாசகர்)

இது தண்டைத் தாக்கும் ஒரு சிறு கறுப்பு ஈயின் வேலை. முதல் இலைகளில் அது முட்டையிடும். புழு இலைக்காம்பு வழியாக இறங்கி அடித்தண்டைத் தின்னும். வாடிய கன்றின் தண்டைப் பிளந்தால் தோலுக்குக் கீழே கபில நிறக் கூட்டுப்புழுவைக் காணலாம். முற்றாக வாடியவற்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். மற்றவற்றின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மண் அணையுங்கள். காயத்துக்கு மேலே புதிய வேர் விட்டுப் பல கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். அடுத்த முறை முளைத்துப் பத்தாம் நாளிலேயே மண் அணைத்து, வைக்கலும் பரப்புங்கள். பழைய போஞ்சி, பயிற்றைப் பாத்திக்கு அருகில் புதிதாக ஊன்றாதீர்கள். மருந்து அவசியம் என்று தோன்றினால், பாதிக்கப்பட்ட ஒரு கன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள்.

எடுத்து வைத்த விதையில் வண்டு விழுகிறது. (மல்லாவி வாசகி)

வண்டு பெரும்பாலும் தோட்டத்திலிருந்தே வருகிறது. காயின்மேல் இட்ட முட்டை விதையோடு வீட்டுக்கு வந்துவிடும். நோயற்ற கொடியில் நடுப்பருவக் காய்களைக் கொடியிலேயே காயவிட்டு, தாமதிக்காமல் பறித்து, பாயில் இளவெயிலில் உலர்த்துங்கள். பல்லால் கடித்தால் நசியாமல் உடைய வேண்டும். பின் சலித்த விறகுச் சாம்பலோடு கலந்து, போத்தலில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள், நன்கு காய்ந்த விதையை மூடிய போத்தலோடு ஐஸ் உறையும் தட்டில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காமல், போத்தலின் குளிர் முழுவதும் போகும் வரை வையுங்கள். உடனே திறந்தால் விதையில் ஈரம் படிந்துவிடும்.