கேள்வி – பதில்: புரள்வை இரட்டிப்பாக்கினால் போதுமா?

கேள்வி: எங்களுடையது 18 பேர் வேலை செய்யும் கட்டமைப்புப் பொறியியல் ஆலோசனை நிறுவனம். 2021இல் 6 கோடி ரூபாயாக இருந்த வருடப் புரள்வு, அதாவது வருடத்துக்கு நாங்கள் பில் போடும் மொத்தத் தொகை, இப்போது 9 கோடி. இதில் மண் பரிசோதனை, நில அளவை என்று வெளியாருக்குப் போவது மூன்றரைக் கோடி. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்கில் இலாபம் இருக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போட வங்கியில் மேலதிகப் பற்று (ஓவர்டிராஃப்ட் கடன்) எடுக்கிறோம். மூன்று வருடத்தில் 18 கோடி என்கிறார்கள் பங்காளிகள். சரியான இலக்கா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. முதலில் அந்த 6 கோடி, 9 கோடி கணக்கையே பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது, 2021இலிருந்து பார்த்தால் விலைவாசி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அப்படியென்றால் உங்கள் ஒன்றரை மடங்கு வளர்ச்சி உண்மையில் சுருக்கம்தான். இதைப் பங்காளிகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, வெளியாருக்குப் போகும் மூன்றரைக் கோடி உங்கள் கையால் கடந்து போகிறதே தவிர உங்கள் உழைப்பின் வருமானம் அல்ல. கனடாவின் டபிள்யூஎஸ்பி, அமெரிக்காவின் ஏகொம் போன்ற பெரிய நிறுவனங்களும் அப்படிப்பட்ட தொகையைக் கழித்த நிகர வருமானத்தைத் தனியாகக் காட்டித்தான் தங்கள் இலாப வீதத்தைச் சொல்கின்றன. உங்களுக்கு அது ஐந்தரைக் கோடி, ஆளுக்கு 30 இலட்சம் சொச்சம். இலக்கை இந்த எண்ணில் வையுங்கள். 18 கோடி என்று வைத்தால் வெளிவேலையைக் கூட்டியே அதை எட்டிவிடலாம், மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஆளுக்கு வரும் தொகை எங்கே கசிகிறது என்று தெரிய, யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறார் என்ற நேரப் பதிவு வேண்டும். கட்டடக் கலைஞர் ஒரு தூணை இரண்டடி தள்ளி வைக்கிறார், உங்கள் பொறியியலாளர் பீம் கணக்கை முதலிலிருந்து போடுகிறார், வரைபடம் ஐந்தாவது திருத்தத்துக்குப் போகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை திருத்தம் வரை இலவசம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை அடுத்த விலைமனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

சம்பளத்துக்குக் கடன் எடுப்பதற்குக் காரணம் வரவேண்டிய பணம்தான். 9 கோடிக்கு மூன்றரைக் கோடி நிலுவை என்றால் சராசரியாக 140 நாள் காத்திருக்கிறீர்கள். அதற்குள் பெறுமதி சேர் வரி வேறு. பில் எழுதியதும் 18 வீதம் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது, வாடிக்கையாளர் காசு தரும்வரை அரசாங்கம் காத்திருக்காது. ஆகவே வேலை தொடங்கும் முன் ஒரு பகுதி முற்பணம், அப்புறம் கட்டத்துக்குக் கட்டம் பில், கடைசித் தவணை வாங்காமல் இறுதி வரைபடங்களில் கையொப்பம் இல்லை என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 140ஐ 90 ஆக்கினாலே ஒரு கோடிக்கு மேல் கைக்கு வரும், மேலதிகப் பற்றின் வட்டியும் குறையும்.

வெளிநாட்டு வேலை எடுப்பது நல்லதுதான், ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து சேவை ஏற்றுமதியில் வரும் இலாபத்துக்கு 15 வீத வருமான வரி இருக்கிறது, அதையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று வருடத்துக்கு நிகர வருமானம் 7 கோடி, நிலுவை 90 நாள் என்று மட்டும் வைப்பேன், விலைவாசி ஏறினால் அந்த 7ஐயும் ஏற்றுவேன். கூடுதலாக வரும் பணத்தில் முதல் பங்கு மூத்த பொறியியலாளர்களின் சம்பளத்துக்குப் போகட்டும். 2022க்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்கும் வளைகுடாவுக்கும் எத்தனை பேர் போனார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்களிடமிருந்து இரண்டு பேர் போனாலே கையில் இருக்கும் வேலையை முடிக்க ஆளில்லை.