கரியர் கோச் மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: மேடம், பெரம்பூரில் வீட்டிலிருந்தபடியே கரியர் கோச்சிங் செய்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு மறுபடி வேலை தேடும் பெண்கள், சமீபமாக ஐ.டி.யில் வேலை போனவர்கள் என்று பலரும் வருகிறார்கள். கிண்டிப் பக்கம் ஒரு ஓட்டலில் கரியர் கோச்களுக்காக இரண்டு நாள் மாநாடு நடக்கப்போகிறது. கட்டணம் என் மாத வருமானத்தில் பாதியைத் தின்றுவிடும். "யூடியூபில் இல்லாததையா அங்கே சொல்லப்போகிறார்கள்?" என்கிறார் கணவர். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலம் புரியும், பேசத்தான் தயக்கம். போகலாமா? போனால் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெரம்பூர்)

பதில்: போய் வாருங்கள் அம்மா. தேதியை மட்டும் முதலில் பாருங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து இன்ஜினீயரிங் கவுன்சலிங் முடியும்வரை பிள்ளைகள் நம்மைத் தேடி வரும் நேரம். முன்பெல்லாம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் வந்து காத்திருப்பார்கள். 2018 முதல் அது ஆன்லைனுக்குப் போய்விட்டது. குறித்த நாளுக்குள் விருப்பப் பட்டியலைப் போட்டாக வேண்டும். வரிசை மாறினால் கல்லூரியே மாறிவிடும். மாநாடு அந்த நாட்களில் வந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். வேறு மாதம் என்றால் தயங்காதீர்கள்.

ஏன் போகச் சொல்கிறேன் என்றால், நம்முடைய வேலை தனியாகச் செய்கிற வேலை. இளம் டாக்டரோடு ரவுண்ட்ஸில் சீனியர் வருகிறார். ஹைகோர்ட்டில் ஜூனியர் வக்கீலின் மனுவை சீனியர் படித்துத் திருத்துகிறார். நாமோ ஒரு அறையில் உட்கார்ந்து, பதினேழு வயதுப் பிள்ளையிடம் "இதைப் படி" என்று சொல்லிவிடுகிறோம். சொன்னது சரியா என்று பார்க்க யாரும் இல்லை. பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைப் போல என்னை உறுத்துவது வேறொன்றும் இல்லை.

இது இன்றைக்கு வந்த குறையும் இல்லை. ஃப்ராங்க் பார்சன்ஸ் 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கு வேலை வழிகாட்ட ஒரு அலுவலகம் தொடங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவர் போனபின், 1910-ல், அதே பாஸ்டனில் இந்த வேலை செய்பவர்களுக்கான முதல் தேசிய மாநாடு கூடியது. 1913-ல் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் சங்கமே அமைத்துவிட்டார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் பெரிய மாநாடு நடத்தும் தேசிய கரியர் வளர்ச்சிச் சங்கம் அதன் தொடர்ச்சிதான். தொழில் பிறந்த சில வருடங்களிலேயே, ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. மேடைப் பேச்சில் பெரும்பகுதி யூடியூபில் கிடைக்கும். கிடைக்காதது, உங்களிடம் வந்த பிள்ளையைப் பற்றி இன்னொரு அனுபவசாலி என்ன சொல்வார் என்பது. அதனால் போவதற்கு முன் ஒரு நோட்டில், இந்த ஒரு வருடத்தில் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை எழுதுங்கள். எனக்கு இப்போது இருக்கும் கேள்வி இது: அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேர்ந்த பையன், அரியர் சேர்ந்து திணறுகிறான். பாடமும் பிடிக்கவில்லை. ஃபீஸை அரசே கட்டுவதால், விலகினால் ஒரு வாய்ப்பை வீணாக்கிய மாதிரி ஆகிவிடும் என்று குடும்பமே பயப்படுகிறது. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். அவனிடம் "உனக்குப் பிடித்ததைச் செய்" என்று லேசாகச் சொல்ல எனக்கு மனம் வராது. இப்படி ஒரு கேள்வியோடு போனால், காபி நேரத்தில் யாரிடம் போய் நிற்பது என்ற கவலை தானாகப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பேசும்போது பெயரை விட்டால் மட்டும் போதாது. ஊர், கல்லூரி, கம்பெனி எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லுங்கள். உங்களிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது ஊர் வில்லிவாக்கம் என்றும், கம்பெனி பெயரையும் சொன்னால், அந்த ஹாலிலேயே அந்தப் பெண்ணைத் தெரிந்தவர் இருப்பார்.

ஆங்கிலத்தைப் பற்றி: கேள்வியை இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் பாதிப் பேர் தமிழுக்கு வந்துவிடுவார்கள். அதைவிட, தமிழில் யோசித்து, தமிழில் தயங்குகிற பிள்ளைகளோடு தினமும் பேசுகிறவர் நீங்கள். அந்த அனுபவம் அந்தக் கூட்டத்துக்கு வேண்டும்.

வாசலில் ஸ்டால்கள் இருக்கும். அங்கே நிதானம் தேவை. விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை என்ன படிக்கலாம் என்று சொல்கிறோம், ஏஜென்சி எடுங்கள் என்று யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. நம்பி வரும் பெற்றோரிடம் அதற்குக் காசு வாங்குவது பாவம் என்றே நினைக்கிறேன். ஆப்டிட்யூட் டெஸ்ட், இன்ட்ரஸ்ட் டெஸ்ட் விற்பவர்களிடம், கேள்விகளை யார் தயாரித்தார்கள், நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்களா, தமிழில் உண்டா, பதில்கள் யாரிடம் தங்கும் என்று கேளுங்கள். பல டெஸ்ட்கள் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த ஆறு ஆளுமை வகைகளை வைத்துச் செய்தவை. அந்த அடிப்படை நல்லதுதான். ஆனால் "இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு, ஸ்க்ரூ டிரைவரையே தொட விடாமல் வளர்த்த பெண் "பிடிக்காது" என்று டிக் அடிப்பாள். அது விருப்பமா, வாய்ப்பே கிடைக்காததா என்று அந்தத் தாள் சொல்லாது. நீங்கள் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம், உங்களைப் போன்றவர்களோடு மட்டும் உட்காராதீர்கள். ஆர்ட்ஸ் காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீசர், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தருபவர், இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களை வேலைக்கு எடுக்கும் எச்.ஆர்., உளவியலாளர், இவர்களில் நாலு பேர் நம்பர் கிடைத்தால் கட்டணம் திரும்பி வந்த மாதிரி. வேலை போன ஒருவர் மாதக்கணக்கில் தூக்கமில்லை என்று சொன்னால், அது ரெஸ்யூமே திருத்தித் தீரும் விஷயம் கிடையாது. யாரிடம் அனுப்புவது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416-ஐயும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டணம்: முன்பதிவுச் சலுகை, ஒரு நாள் பாஸ் உண்டா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்களுக்கு அந்த வரி திரும்ப வராது, அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பில்லை ஆடிட்டருக்கு எடுத்து வையுங்கள். திரும்பி வந்த வாரமே இரண்டு பேருக்காவது போன் செய்து, மாதம் ஒருமுறை சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் அதையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

கேள்வி: பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்படிப்பட்ட மாநாட்டில் தரும் சான்றிதழை வைத்துக் கரியர் கோச் என்று போர்டு மாட்டலாமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: போர்டு மாட்ட இங்கே யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை சார். அதனாலேயே நாம் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ், நீங்கள் வந்திருந்தீர்கள் என்று மட்டும் சொல்லும். 1995-ல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைத் தகுதிக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் கேட்கிறார்கள். பிள்ளைகளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேலைச் சந்தையைத்தான் கற்க வேண்டியிருக்கும். கிண்டி, அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.களுக்கு நேரில் போய், என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன, முடித்தவர்கள் எங்கே வேலைக்குச் சேர்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வையுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் பகுதிக் கல்லூரிகளில் என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன என்றும் கேளுங்கள். உங்களிடம் வரும் பெற்றோர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.